உறையிலிட்ட பெயர்



சென்ற பௌர்ணமி வழிபாடு முடிந்ததும் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, 'நான் என்பது யாது? அனுபவம் பொருளுடையதாவது எங்ஙனம்?' என்பது பற்றித் தத்துவக் கட்டுரைப் போட்டி ஒன்று நடைபெறுகிறது. ஆன்மா இல்லையென்னும் தம்மத்தைத் தழுவிய நான் அதில் எழுத என்ன இருக்கிறது?" என்று வினவினார். நல்ல வினா.

இசிபதனத்து மான்வனத்தில் ஐவர்க்குப் பகவான் விளக்கியது இதுவே. உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு ஆகிய ஐந்து கந்தங்களில் எதுவும் 'நான்' அன்று. உடல் நானாயின், நோயுறாதே என்றால் அது கேட்க வேண்டும், கேட்பதில்லை. "அப்படியாயின் அனுபவத்திற்குப் பொருள் ஏது?" என்று இளைஞர் விடவில்லை. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியிட்டு விடியுமளவும் விழித்திருக்கும் தாய்க்கு, 'நான்' என்னும் நினைவு அவ்விரவில் எத்தனை முறை வந்திருக்கும்? அவ்விரவு பொருளற்றதா? இதை எழுதுக என்றேன்.

ஆனால் போட்டி என்பதில் ஓர் அபாயம் உண்டு. ஜெர்மானியத் தத்துவ ஞானி ஷோபன்ஹாவர் இத்தகைய போட்டிகள் இரண்டில் கலந்துகொண்டவர். மனிதனின் இச்சா சுதந்திரத்தைத் தன்னுணர்வைக் கொண்டு நிரூபிக்க இயலுமா என்று நார்வே நாட்டு விஞ்ஞானக் கழகம் கேட்டது. இயலாது என்று எழுதி, 1839-இல் பரிசு பெற்றார். பின்னர் டென்மார்க்குக் கழகத்திற்கு ஒழுக்கத்தின் அடிப்படை பற்றி எழுதினார். நான் வேறு, பிறர் வேறு என்னும் சுவர் தளருமிடத்தில் எழும் கருணையே ஒழுக்கத்தின் வேர் என்பது அதன் சாரம். போட்டிக்கு வந்தது அந்த ஒரே கட்டுரைதான். ஆயினும் 1840-இல் பரிசு மறுக்கப்பட்டது. புகழ்பெற்ற தத்துவ ஆசிரியர்களை மரியாதைக் குறைவாகக் குறிப்பிட்டார் என்பதும் காரணங்களுள் ஒன்று. அவர் பொறுத்தாரா? இரண்டையும் ஒரே நூலாக வெளியிட்டு, ஒன்று பரிசு பெற்றது, மற்றது பெறாதது என்று முகப்பிலேயே அச்சிட்டார். முன்னுரையில் அக்கழகத்தாரைக் கடுமையாகச் சாடினார். கருணையைப் பற்றி எழுதிய அதே கை! பிற்காலத்தில் தம் அறையில் புத்தர் சிலையொன்றை வைத்துப் போற்றியவரும் அவரே. அவரை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. கட்டுரையில் தளர்ந்த 'நான்' முன்னுரையில் வந்து நிமிர்ந்து நின்றுவிட்டது. நம்மில் யாருக்கு அப்படி நேராது?

அக்காலப் போட்டிகளில் நல்ல வழக்கமொன்று உண்டு. கட்டுரையில் பெயர் இராது. அது தனி உறையில் முத்திரையிடப்பட்டிருக்கும். நம் இளைஞர் எழுதும் போட்டியிலும் அதே விதியாம். நடுவர் எண்ணத்தைப் படிப்பர், ஆளைப் பாரார். நம் பாட்டன்மாரிடம் உலகம் இவ்விதம் நடந்துகொள்ளவில்லை. அவர்கள் வாய் திறக்குமுன்பே 'எந்தத் தெரு?' என்று கேட்டது. விடை தெரிந்தபின் அவர்கள் சொன்னது எதுவும் அதன் செவியில் ஏறவில்லை. உள்ளிருக்கும் ஆன்மா முற்பிறப்பில் ஈட்டியது இதுவே என்றும் சொல்லிவைத்தார்கள். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கருடன் இலட்சக்கணக்கானோர் களைந்தெறிந்தது, பிறர் ஒட்டிய அந்த 'நீ'யைத்தான். அதைக் களைந்த நமக்கு, நாமே ஒட்டிக்கொள்ளும் 'நான்' எஞ்சியிருக்கிறது. முன்னதைவிட இது இனிப்பானது, ஆதலால் கடினமானது.

இளைஞர் எழுதத் தொடங்கிவிட்டார். முடிவு வெளியாகி உறை திறக்கப்படும் நாளில், பரிசு வந்தாலும் வராவிட்டாலும், தம் உள்ளத்தில் எழுந்தவற்றை அன்றிரவே ஒரு தாளில் குறித்து வைக்கும்படி கேட்டிருக்கிறேன். அந்தத் தாளை அடுத்துவரும் பௌர்ணமியன்று நம் முன் படிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். சற்றுத் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார்.