முதலில் அடை, பிறகு ஓரேப்

கடைசி வரிசையில ஒரு தம்பி தலையை ஆட்டி ஆட்டி ஆமென் சொல்றார். கண்ணு மட்டும் மூடியிருக்கு. விடுங்க, எழுப்பாதீங்க. பவுல் நடுராத்திரி வரைக்கும் பிரசங்கம் பண்ணினப்பவே ஐத்திகு தூங்கி மூணாவது மாடியிலிருந்து விழுந்துட்டான். நம்ம சபை தரைத்தளம்தான், பயமில்லை. (சிரிப்பு)

சரி, எலியா தீர்க்கதரிசிகிட்ட வருவோம். 1 இராஜாக்கள் 19. முந்தின அதிகாரத்துல கர்மேல்ல அக்கினி இறங்குச்சு, பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேர் தோத்தாங்க. எவ்வளவு பெரிய ஜெயம்! அடுத்த அதிகாரத்துல யேசபேல் ராணி மிரட்டி ஒரே ஒரு ஆளை அனுப்புறா, தேவமனுஷன் ஓடுறார். பெயெர்செபாவுல வேலைக்காரனை விட்டுட்டு, வனாந்தரத்துல ஒரு நாள் நடந்து, சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து சாவைக் கேட்கிறார்.

கர்த்தர் என்ன செஞ்சார்? 'விசுவாசம் எங்கேடா போச்சு'ன்னு திட்டினாரா? தூங்க விட்டார்! தூதன் வந்து தட்டினான். தலைமாட்டுல தணல்ல சுட்ட அடை, தண்ணீர். சாப்பிட்டார். அப்புறம்? சொல்லுங்க... மறுபடியும் படுத்துட்டார்! 'இப்பத்தானே தூங்கினே'ன்னு தூதன் கேட்கலை. ரெண்டாந்தரமும் சாப்பிடச் சொன்னான். அப்புறம்தான் ஓரேப் மலைக்கு 40 நாள் நடை. அப்புறம்தான் கர்த்தருடைய அந்த மெல்லிய சத்தம். முதல்ல அடை, தண்ணீர், தூக்கம். தரிசனமெல்லாம் பிறகு.

உடனே சோம்பேறிங்க ஆமென் போடாதீங்க! நீதிமொழிகள் 6, எறும்பு, ஞாபகம் இருக்கா? ராத்திரி 2 மணி வரைக்கும் ரீல்ஸ் பார்த்துட்டு, ஜெப நேரத்துல தூங்குறவனுக்குச் சூரைச்செடி கிடையாது. எலியா உழைச்சுக் களைச்சவர்.

121-ஆம் சங்கீதம் எல்லாருக்கும் மனப்பாடம். கர்த்தர் தூங்காம முழிச்சிருக்கார்னா, நீங்க எதுக்குக் கூட முழிச்சிருக்கீங்க? பொண்ணு கல்யாணம், வீட்டுக் கடன்... புரண்டு புரண்டு படுத்தா வட்டி குறையுமா? மாற்கு 4, இயேசு புயல்ல தலையணை வெச்சுத் தூங்கினாரே, அந்த நம்பிக்கை நமக்கு எங்கே?

இன்னொண்ணு. யாத்திராகமம் 20. ஓய்வுநாள் யாருக்கு? உனக்கு, மகனுக்கு, மகளுக்கு, வேலைக்காரனுக்கு, வேலைக்காரிக்கு, அந்நியனுக்கு. மிருகஜீவனுக்கும்! ஐயா, உங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை யாருக்கு ஓய்வு? ஆராதனை முடிஞ்சதும் நீங்க ஃபேனைப் போட்டுப் படுத்துட்டீங்க. அம்மா விடியக்காலமே எழுந்து மசாலா அரைச்சு வெச்சுட்டு, ஆராதனைக்கு வந்து, திரும்பிப் போய்ச் சேலைகூட மாத்தாம பிரியாணி கிண்டுறாங்க. போதகர் வேற சாப்பிட வர்றார்! பாருங்க, பெண்கள் பக்கம் இப்பத்தான் ஆமென் பலமா வருது.

அந்தம்மா பிரசங்கத்துல கண்ணசந்தா மாமியாருக்குக் கோபம். அவங்களுக்கு யார் அடை சுட்டுக் கொடுத்தாங்க? தூதன் வருவான்னு காத்திருக்காதீங்க ஐயா, நீங்களே சுடுங்க. கருகினாலும் பரவாயில்லை. வர்ற ஞாயிறு சமையல் உங்களோடது. பாத்திரம் கழுவுறதும்தான். யார் யார்? கை தூக்குங்க பார்ப்போம்... ரெண்டே கை! ஸ்தோத்திரம். மத்தவங்களுக்காக இப்ப ஜெபிப்போம், எல்லாரும் எழுந்து நில்லுங்க.