இன்னொருவர் கன்னம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த இருபதாவது நாள், அவருக்கு நான் முதல்முறையாகச் சவரம் செய்தேன். வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து தென்காசி வீட்டுக்கு அழைத்து வந்தபோது முகமெல்லாம் வெள்ளைத் தாடி. முப்பத்தைந்து வருடம் தினமும் காலையில் சவரம் செய்துகொண்டு பள்ளிக்கூடம் போன மனிதர். அந்தத் தாடியோடு கட்டிலில் கிடந்த முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. “நான் பண்ணிவிடுதேம்மா” என்றேன்.

எனக்குத் தைரியம் இருந்தது. சவரம் எனக்குத் தெரிந்த விஷயம், கொஞ்சம் கிறுக்கு என்றுகூடச் சொல்லலாம். ஐந்து வருடங்களுக்கு முன்பு, கார்ட்ரிட்ஜ் ரேசரால் கழுத்தெல்லாம் கொப்புளமாகி, பழைய மாதிரி சேஃப்டி ரேசருக்கும் பிரஷ்ஷுக்கும் மாறினேன். அப்போதுதான் கடைகளில் எத்தனை பிளேடுகள் இருக்கின்றன என்று தெரிந்தது. டோபாஸ், செவன் ஓ கிளாக், துருக்கியின் டெர்பி, ஜப்பானின் ஃபெதர் என்று ஒன்பது வகை வாங்கினேன். ஒவ்வொன்றையும் ஒரு வாரம் போட்டு நோட்டில் குறிப்பு எழுதினேன். கடைசியில் ஒன்று என் முகத்துக்குப் பொருந்தியது. அதன் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னாலும் உங்களுக்குப் பயன்படாது.

கூர்மையான பிளேடு ஆபத்தானது, மழுங்கலானது பத்திரமானது என்றுதான் நாம் நினைக்கிறோம். பல நேரம் நடப்பது நேர்மாறு. மழுங்கிய விளிம்பு முடியை வெட்டாமல் இழுக்கும். நாம் அழுத்துவோம். அதே இடத்தில் நாலு தரம் ஓட்டுவோம். எரிச்சல் அங்கேதான் ஆரம்பம். கூர்மையானது தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் கை ஒரு நூல் பிசகினாலும் அது மன்னிக்காது. கூர்மை ஒன்று, வழுக்கல் வேறொன்று. விளிம்பின் மேல் குரோமியம் அல்லது பிளாட்டினம், அதற்கும் மேல் நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கும் அதே வகைப் பூச்சு. சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில் இவ்வளவு சமாச்சாரம் இருக்கிறது. எந்த முகத்துக்கு எது என்பதை, முடியின் தடிமன், தோலின் இறுக்கம், தண்ணீர், கை எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும்.

அன்று எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். வெந்நீரில் நனைத்த துண்டை மூன்று நிமிடம் முகத்தில் வைத்தேன். நுரை நன்றாகக் குழைத்தேன். என் பிளேடைப் புதிதாகப் பிரித்துப் போட்டேன். எனக்குச் செய்வது போலவே முடி வளரும் திசையில் ஒருமுறை, குறுக்காக ஒருமுறை, எதிர்த்து ஒருமுறை. கன்னம் பளபளவென்று ஆகிவிட்டது. பாதியிலேயே அப்பாவின் இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. தாடைக்குக் கீழே சின்னதாக ஒரு கீறல். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் படிகாரத்தை வைத்து அழுத்தியும் ரொம்ப நேரம் கசிந்தது.

“எய்யா, அவுகளுக்கு எரியுது போலுக்கு” என்றாள் அம்மா.

“எனக்கே எரியாதும்மா. அவருக்கு எப்படி எரியும்?”

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் நான் சொன்ன அந்த வாக்கியம்தான். சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு அபத்தம் என்று உறைத்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நம் நீதிபோதனையில் பெரும்பகுதி அந்த வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. தனக்கு எது துன்பம் என்று அறிந்தவன் அதைப் பிற உயிருக்கு எப்படிச் செய்கிறான் என்று ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்தில் வள்ளுவர் வியக்கிறார். உனக்கு என்ன வேண்டுமோ அதையே அடுத்தவனுக்கும் செய் என்பது பைபிளில் இருக்கிறது. என் வலியை வைத்து உன் வலியை அறிகிறேன். இதைவிட நேர்மையான ஒரு வழி இருப்பதாகத் தோன்றாது. ஆனால் அப்பாவின் கன்னத்தில் அந்த வழி தோற்றுவிட்டது. எனக்கு இதமானதையே, மனதாரத்தான் அவருக்குச் செய்தேன்.

பெர்னார்ட் ஷா இந்த விதியைக் கிண்டல் செய்திருக்கிறார். உனக்குப் பிடித்ததை அடுத்தவனுக்குச் செய்துவிடாதே, அவன் ருசி வேறாக இருக்கலாம் என்கிற அர்த்தத்தில். அது வந்த ‘மேன் அண்ட் சூப்பர்மேன்’ வெளியான ஆண்டு 1903. அதே 1903இல்தான் அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட்டின் கம்பெனி, கழற்றி வீசும் பிளேடு போட்ட ரேசரை விற்கத் தொடங்கியது. அந்த வருடம் விற்றது 51 ரேசர்கள், 168 பிளேடுகள். இரண்டுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் எனக்கு ஒன்று தோன்றியது. தீட்டிப் பிடிக்கிற பழைய கத்திக்குப் பழகிய கை வேண்டும். அதனால் பலரும் இன்னொருவரிடம் போய் முகத்தைக் கொடுத்தார்கள். ஜில்லெட்டின் ரேசர் வந்த பிறகு, கத்தியைப் பிடிப்பவனும் எரிச்சலை உணர்பவனும் ஒரே ஆளாகிவிட்டான். எரிந்தால் அந்த நொடியே கைக்குத் தெரிந்துவிடும். நோட்டுப் போட்டு ஒன்பது பிளேடு சோதித்த என் அறிவெல்லாம் அப்படி வந்ததுதான். அப்பாவின் முகத்தில் கை வேறு ஆளுடையது, எரிச்சல் வேறு ஆளுடையது. நடுவில் இருந்த கம்பி அறுந்துவிட்டது.

ஆனால் நான் அப்போதும் பிளேடையேதான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். 2020இல் சயன்ஸ் இதழில் வந்த எம்.ஐ.டி. ஆய்வு ஒன்றைத் தேடிப் படித்தேன். முடி எஃகைவிட சுமார் ஐம்பது மடங்கு மென்மையானது. ஆனாலும் சவரத்தில் பிளேடின் விளிம்பு சில்லு சில்லாகப் பெயர்கிறது. ஏன் என்று பார்க்க, ஆய்வாளர்களில் ஒருவர் தானே சவரம் செய்து, பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறார். அருமையான வேலை. ஆனால் பிளேடுக்கு என்ன ஆனது என்று பார்க்கத்தான் அந்த நுண்ணோக்கி. முகத்துக்கு என்ன ஆனது என்று அது சொல்லாது.

இரண்டாம் முறை வேறு பிளேடு போட்டேன். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ட்ரிம்மர் வாங்கினேன். அதன் சத்தத்தில் அவர் உடம்பே தூக்கிப்போட்டது. கடைசியில், அவருக்கு இருபது வருடமாக முடிவெட்டிய சலூன் அண்ணாச்சியை வீட்டுக்குக் கூப்பிட்டோம்.

அவர் முதலில் பிளேடை எடுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் அப்பாவின் கன்னத்தைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். தோல் எங்கே தொங்குகிறது, எங்கே இழுத்தால் இறுகுகிறது என்று பார்த்தார். பிறகு என்னிடம், “சாரு என்ன பிளேடு போடுவாக?” என்றார். எனக்குத் தெரியவில்லை. முப்பத்தேழு வயது வரை அதே வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தவனுக்குத் தெரியவில்லை. நான் செய்ததையெல்லாம் விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, நீங்க உங்க மொகத்துக்குல்லா சவரம் பண்ணிருக்கிய” என்றார். “சாரு என்னைக்கும் ஒரு தடவதான் போடச் சொல்லுவாக. ரெண்டாவது தடவ கத்தியக் கொண்டு போனா கையப் புடிச்சிருவாக.”

அடுத்தவர் முகத்தை விரலால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அறிவு இது. இதைத் தொழிலாக வைத்திருந்தவர்களைத்தான் நம் ஊர்கள் பல தலைமுறையாகக் கொல்லைப்புறத்தில் நிறுத்திப் பேசின.

அப்பாவின் அலமாரியைத் திறந்து பார்த்தேன். பெட்டிக்கடையில் கிடைக்கிற சாதாரண பிளேடு. நான் சோதித்தபோது ‘இழுக்கிறது, வேண்டாம்’ என்று எழுதி ஒதுக்கிய ரகம். பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர். பிளேடை அதன் உள்சுவரில் தேய்த்துத் தேய்த்து ஒன்றையே வாரக்கணக்கில் ஓட்டுவார். சின்ன வயதில் அந்தச் சத்தத்தில்தான் நான் எழுந்திருப்பேன். வழவழப்பு அவருக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. வகுப்புக்குள் போகும்போது முகம் சுத்தமாகத் தெரிந்தால் போதும். நான் என் பிளேடை மட்டும் அவர்மேல் போடவில்லை. இதம் என்றால் என்ன என்பதற்கான என் அர்த்தத்தையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன்.

அதே ரகத்தில் புதுப் பொட்டலம் வாங்கினேன். ஒவ்வொரு முறையும் புது பிளேடு, ஒரே ஓட்டம், முடி வளரும் திசையில். அப்பா அசையாமல் இருந்தார். கண்ணில் நீர் இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்று இங்கே முடித்திருக்கலாம்.

ஆனால் இரண்டு நாள் கழித்து ஒரு சந்தேகம் வந்தது. அவருக்கு இதமாக இருந்ததா, இல்லை இவன் விடமாட்டான் என்று பழகிக்கொண்டாரா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நம்மை நம்பிப் படுத்திருக்கிற குழந்தை, நோயாளி, கிழவர் எல்லோரையும் பற்றி நாம் ‘அவங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல’ என்று சொல்லும்போது அந்த இரண்டில் எதைச் சொல்கிறோம்? பதில் சொல்ல முடியாதவரின் அமைதியைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது நமக்கு ரொம்ப வசதி.

சலூன் அண்ணாச்சி சொன்னதில் நான் பாதியைத்தான் கேட்டிருந்தேன். ஒரு தடவைதான் என்பது பாதி. கையைப் பிடித்துவிடுவார் என்பது மீதி. அவர் முகத்துக்கு எது இதம் என்பது அண்ணாச்சிக்குத் தெரிந்ததற்குக் காரணம், வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு வழி இருந்ததுதான். மறுக்க வழியுள்ள முகம் அமைதியாக இருந்தால்தான் அந்த அமைதிக்கு ஏதாவது அர்த்தம் உண்டு.

இப்போது சவரம் தொடங்கும் முன் அப்பாவின் இடது கையை எடுத்து என் மணிக்கட்டின் மேல் வைத்துவிடுகிறேன். அந்தக் கையில் இன்னும் பலம் இருக்கிறது. முதல் சில நாள் அது சும்மா கிடந்தது. கை அங்கே எதற்கு என்று அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இடது கன்னம் முடிந்து மேலுதட்டுக்கு வந்தபோது இறுக்கிப் பிடித்தார். நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். கை விடவில்லை. நுரையைத் துடைத்து எழுந்துவிட்டேன்.

சாயங்காலம் பார்க்க வந்த அத்தை, பாதி வெள்ளைத் தாடியும் பாதி மழித்த கன்னமுமாக இருந்த தம்பியைப் பார்த்துப் பதறிவிட்டாள். “என்ன கோலம் இது, பாதியோட விட்டிருக்கிய?”

அம்மா காப்பி ஆற்றிக்கொண்டே சொன்னாள். “அவுக வேண்டாம்னுட்டாக.”