குச்சி கேட்பவர்கள்

நவம்பர்

கடைசி இலையும் உதிரும்வரை பிளாக்கரண்ட் செடியில் கத்தி வைக்கக் கூடாது. இலை இருக்கும்வரை அதற்கு வேலை இருக்கிறது. கோடையில் சேர்த்ததைத் தண்டுக்கும் வேருக்கும் இறக்கிக்கொண்டிருக்கிறது. லண்டனில் அந்த வேலை முடிய நவம்பர் நடுவாகிவிடும். பிறகு பிப்ரவரி வரைக்கும், மண் உறையாத எந்த நாளிலும் வெட்டலாம்.

இந்த ஆண்டு வளர்ந்த குச்சியாக இருக்க வேண்டும். பழைய தண்டு கறுத்துப் பட்டை உரிந்து நிற்கும். புதியது வெளிர் பழுப்பாக, விரலுக்கு வழவழவென்று இருக்கும். பென்சில் கனம், ஒரு சாண் நீளம். நுனியில் முற்றாத பகுதியைக் கிள்ளிவிடலாம். அடியில் ஒரு கணுவை ஒட்டி நேர் வெட்டு, தலைப்பக்கம் ஒரு மொட்டுக்கு மேலே சாய்வெட்டு. சாய்வில் மழைநீர் வழிந்துவிடும் என்பார்கள். அதைவிடப் பெரிய பயன், எது தலை எது கால் என்று அரை மணி கழித்தும் தெரியும். இலையில்லாத குச்சிகளைக் கட்டாகக் கீழே போட்டு எடுத்தால் நமக்குக் குழம்பிவிடும். குச்சிக்குக் குழம்பாது. வேர்விடத் தூண்டும் சத்து அதற்குள் நுனியிலிருந்து அடி நோக்கித்தான் இறங்கும்.

வெட்டிய இடத்தில் ஒரு வாசனை எழும். பழரசமும் பூனை மூத்திரமும் கலந்ததுபோல என்றால் முகம் சுளிப்பீர்கள், ஆனால் உண்மை அதுதான். ரெட்கரண்ட் குச்சியில் இது இருக்காது. பெயர்ச்சீட்டு தொலைந்துபோன செடிகளைக் குளிர்காலத்தில் அடையாளம் காண, நகத்தால் பட்டையைக் கீறி முகர்ந்தால் போதும்.

நடுவது அதைவிடச் சுலபம். ஸ்பேடை மண்ணில் இறக்கி முன்னும் பின்னும் ஆட்டினால் ஒரு பிளவு விழும். அடியில் கொஞ்சம் பருமணல். குச்சிகளை ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளியில் செருகி, இரண்டு மொட்டு மட்டும் வெளியே தெரியும்படி விட்டு, குதிகாலால் மிதித்து இறுக்க வேண்டும். வேர் மருந்து எதுவும் தேவையில்லை. வேர் கிளம்பும் புள்ளிகள் இந்தச் செடியின் தண்டிலேயே முன்கூட்டி அமைந்திருக்கின்றன. ஈரமும் இருட்டும் கிடைத்தால் அவை விழித்துக்கொள்ளும்.

கவுன்சில் வாடகைக்கு விடும் இந்தத் தோட்டத் துண்டுகளில் எனக்கு அடுத்த துண்டு ஒரு யாழ்ப்பாணத்து அக்காவுடையது. வேலி ஓரம் நின்று நான் மிதிப்பதைப் பார்த்துவிட்டு, “உது கதியால் நடுற மாதிரித்தானே, இதுக்கே இவ்வளவு யோசனை?” என்றார். சரியாகச் சொன்னார். பூவரசும் கிளுவையும் வெட்டி நட்டு வேலி வளர்த்த ஊர்க்காரருக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. “எனக்கும் ரெண்டு தடி தாங்கோ தம்பி” என்று கேட்டபோது உடனே கொடுக்கத் தோன்றியது. அடுத்த ஆண்டு தருகிறேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். டிசம்பரில் காட்டுகிறேன் என்றேன்.

ரெட்கரண்டுக்கும் கூஸ்பெரிக்கும் முறை கொஞ்சம் மாறும். குச்சி இன்னும் நீளமாக, ஓரடி அளவில் வேண்டும். மேலே மூன்று நான்கு மொட்டு விட்டு, மற்ற எல்லாவற்றையும் கட்டைவிரலால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் ஒற்றைக்கால் வைத்து, கிளை உயரத்தில் பிரியும். பிளாக்கரண்டில் ஒரு மொட்டைக்கூடத் தொடக் கூடாது. மண்ணுக்கடியில் புதைந்த மொட்டுகளே பின்னாளில் புதுத் தண்டுகளை அனுப்பும், முந்தைய ஆண்டுத் தண்டில்தான் அது நன்றாகக் காய்க்கும். ஒரு செடி புதராக வாழப்போகிறதா, சின்ன மரமாக வாழப்போகிறதா என்பது நவம்பரில் ஒரு மாலை, கட்டைவிரல் நகத்தால் முடிவாகிவிடுகிறது.

டிசம்பர்

என் செடி பென் லொமண்ட் வகை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகருக்குப் பக்கத்தில், இன்வர்கவ்ரி ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1975இல் வெளிவந்தது. பெயர் ஸ்காட்லாந்து மலை ஒன்றின் பெயர். இந்த வகையில் விதையிலிருந்து முளைத்தது ஒரே ஒரு செடி. பிறகு எல்லாம் குச்சி, குச்சியிலிருந்து குச்சி. ஆகவே என் தோட்டத்தில் நிற்பது அதன் மகளோ பேத்தியோ இல்லை. அதே செடிதான், வேறு மண்ணில் நிற்கிறது. ஐம்பது வயதுக்கு மேலான ஓர் உடம்பு எத்தனையோ கொல்லைகளில் ஒரே நேரத்தில் பூத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு எனக்கு அமைதி தருவதுண்டு. தேயாமல், கிழமாகாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது, அது வெட்டுப்படுவது.

ஆனால் உடம்பு போனால் நோயும் கூடவே போகும்.

அக்காவைக் கூப்பிட்டு வேறொருவர் துண்டில், கவனிப்பாரற்று நிற்கும் செடியைக் காட்டினேன். நல்ல மொட்டு ஒல்லியாக, கூராக, தண்டோடு ஒட்டி இருக்கும். அதில் பல மொட்டுகள் உருண்டு பருத்திருந்தன. பார்த்தால் செழிப்பு என்றே தோன்றும். நகத்தால் பிளந்தால் உள்ளே வெறும் கண்ணுக்குப் பிடிபடாத சிலந்திப்பேன்கள், ஒரு மொட்டுக்குள் ஆயிரக்கணக்கில். வசந்தத்தில் மொட்டு விரியும் நேரம் வெளியேறி, காற்றிலும் மழைத்துளியிலும் பூச்சியின் காலிலும் அடுத்த செடிக்குப் போகும். போகும்போது ஒரு வைரஸையும் கொண்டுபோகும். அந்த வைரஸ் பிடித்த செடி சாகாது. இலை போடும், உயரமாக வளரும், பச்சையாக நிற்கும். காய்ப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து நின்றுவிடும். மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி எரிப்பது ஒன்றே வழி.

இதில் கொடுமை, நோய் கண்ட செடியில்தான் காய்க்குப் போக வேண்டிய பலமும் இலைக்குப் போய்ப் பார்வைக்குக் குறையில்லாமல் இருக்கிறது. குச்சி கேட்டு வருபவரின் கண் அங்கேதான் போகும். அதனால் தாய்ச்செடியை நவம்பரில் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஏப்ரலில் பூமொட்டைப் பார்க்க வேண்டும்: நல்லதில் சாம்பல் நிறப் பஞ்சுரோமம் படிந்திருக்கும், நோய்பட்டதில் ரோமமின்றிச் சிவந்து பளிச்சென்று தெரியும். ஜூலையில் காய்ப்பைப் பார்க்க வேண்டும். தேறியதில் ஒரு கயிறு கட்டி வைத்து, டிசம்பரில் மொட்டையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எனது செடியில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் ஒரு சுற்று முழுதாகப் பார்க்காமல் இன்னொருவர் நிலத்துக்கு அனுப்ப மனம் வரவில்லை.

அக்கா அந்தப் பருத்த மொட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “வடிவான மொட்டெண்டு இதைத்தான் வெட்டியிருப்பன்” என்றார்.

ஜனவரி

உறைபனி மண்ணை உப்பவைத்து, செருகிய குச்சிகளை மேலே தள்ளிவிடுகிறது. பனி விட்ட அன்று போய்த் திரும்ப மிதித்துவிட்டு வர வேண்டும். இந்த மாதத்து வேலை அவ்வளவுதான்.

இந்தக் குளிரைத் திட்டவும் முடியாது. 7 டிகிரிக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணிநேரம், பல வகைகளுக்கு ஆயிரத்துக்கும் மேலே, உறங்கி எழுந்தால்தான் பிளாக்கரண்ட் ஒழுங்காகப் பூக்கும். திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ நட்டால் அது எப்போது விழிப்பது என்று தெரியாமல் நிற்கும். சிங்கப்பூர், மலேசியத் தமிழ் வீடுகளுக்கு இந்தப் பழம் போத்தலில்தான் அறிமுகம். போர்க்காலத்தில் ஆரஞ்சுக் கப்பல்கள் வராமல்போன பிரிட்டனில், 1942இலிருந்து குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்ட ரிபீனா அது. இங்கேயே விளைந்த, வைட்டமின் சி மிகுந்த ஒரு புளிப்புப் பழம் அப்படித்தான் ஒரு தலைமுறையைக் கரையேற்றியது.

மார்ச்

எல்லாக் குச்சியும் பச்சை விட்டிருக்கிறது. நம்பக் கூடாது. குச்சியில் சேமிப்பாக இருந்ததை வைத்தே முதல் இலை வந்துவிடும். கீழே வெட்டுவாயில் வெளுத்த தழும்பு ஒன்று மட்டும் கட்டியிருக்கும். வேர் அதற்குப் பிறகுதான். வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்கும் கை, பிடிக்கவிருந்த வேரையும் அறுத்துவிடும். தண்ணீர் விட்டு, களை எடுத்து, சும்மா இருப்பதுதான் இப்போது செய்யக்கூடியது. சும்மா இருப்பது சுலபமில்லை என்று நம் ஆட்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

ஜூலை

ஸ்ட்ராபெரியில் நாம் வெட்டுவதற்கு முன்பே செடி தானாகக் கிளம்பிவிடுகிறது. ஓடுதண்டு மண்மேல் ஊர்ந்து, கணுவில் ஒரு குட்டிச்செடி வைக்கிறது. அதன் கீழே ஒரு சிறு தொட்டியை வைத்து, கம்பியை வளைத்து ஊன்றினால் சில வாரங்களில் வேர் பிடித்துவிடும். தாயிடமிருந்து பிரித்துவிடலாம்.

இந்த ஓடுதண்டைப் பார்க்கும்போதெல்லாம் அமெதே ஃபிரான்சுவா ஃப்ரெஸியே நினைவுக்கு வருவார். பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், சிலியிலும் பெருவிலும் ஸ்பானியர் கட்டிய கோட்டைகளை வேவு பார்க்க 1712இல் அனுப்பப்பட்டார். வியாபாரி வேடத்தில் சுற்றியவர், கான்செப்சியோன் ஊரில் வால்நட் அளவு ஸ்ட்ராபெரியைப் பார்த்தார். மாப்புச்சே மக்கள் நெடுங்காலமாகப் பயிரிட்டு வந்த பழம். ஐரோப்பாவில் அப்போது இருந்தவை எல்லாம் அதற்குப் பக்கத்தில் பொடிப் பழங்கள். ஆறு மாதக் கடல் பயணம், கப்பலில் குடிநீருக்கே தட்டுப்பாடு. அதிலும் ஐந்து செடிகளை 1714இல் உயிரோடு பிரான்சுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

செடிகள் வளர்ந்தன. ஓடுதண்டு விட்டுப் பெருகின. பழம் மட்டும் இல்லை. சிலியின் அந்த இனத்தில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெரிய பழம் தாங்கி நின்றவற்றை அவர் பார்த்து எடுத்திருப்பார். பழம் தாங்கியதால் அவை எல்லாமே பெண். ஓடுதண்டில் பிறந்த குட்டிகளும் அதே உடம்பு என்பதால் அவையும் பெண். நூறு செடியாகப் பெருக்கினாலும் நூறும் மலடாக நின்றன. பிரெஸ்ட் துறைமுகத்துக்கு அருகே பிளூகாஸ்தெலில், வட அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வர்ஜீனிய ஸ்ட்ராபெரியைப் பக்கத்தில் நட்டபோதுதான் மகரந்தம் கிடைத்துக் காய்த்தன. அந்தக் கலப்பில் பிறந்ததே இன்று உலகம் முழுவதும் தின்கிற ஸ்ட்ராபெரி. அதன் பெற்றோர் இந்த இரண்டு இனங்கள்தான் என்று 1766இல் புத்தகமாக எழுதிய அந்துவான் நிகோலா துஷேனுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.

குச்சியும் ஓடுதண்டும் இருப்பதைக் காப்பாற்றும். இல்லாததை அவற்றிடம் கேட்க முடியாது. பென் லொமண்டுக்கு அடுத்து ஒரு நல்ல வகை வேண்டுமென்றால் யாரோ ஒருவர் விதை ஊன்றி, ஆயிரம் நாற்றில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைத் தூக்கி எறியும் மனதோடு உட்கார வேண்டும். வீட்டுத் தோட்டக்காரனுக்கு அந்தப் பொறுமையும் இல்லை, நிலமும் இல்லை. அதில் குறை ஒன்றும் இல்லை. காப்பதும் ஒரு வேலை.

ஆகஸ்ட்

பிளாக்பெரியின் நீண்ட கொடி தலை கவிழ்ந்து மண்ணைத் தேடுகிறது. நுனியை அரைச்சாண் ஆழத்தில் புதைத்துக் கல்லை வைத்தால் போதும். இருட்டில் நுனி தடித்து, வேர் விட்டு, வசந்தத்தில் அங்கிருந்தே புதுத் தளிர் மேலே வரும். பிறகு தாய்க்கொடியை அறுத்துவிடலாம். லோகன்பெரியும் இப்படித்தான் பெருகியது. 1880களின் தொடக்கத்தில், கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் நீதிபதி ஜேம்ஸ் லோகன் வீட்டுத் தோட்டத்தில் பிளாக்பெரியும் ராஸ்பெரியும் தற்செயலாகக் கலந்து பிறந்த ஒற்றைச் செடி அது.

ராஸ்பெரிக்குப் பக்கக்கன்று போதும், இலை உதிர்ந்தபின் வேரோடு தோண்டி எடுக்கலாம். ஆனால் அசுவினி பரப்பும் வைரஸ்கள் ராஸ்பெரியில் வெகு சகஜம். பக்கத்து வீட்டார் இலவசமாகத் தரும் பழைய ராஸ்பெரியை நான் வாங்குவதில்லை. மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை.

அக்டோபர்

கயிறு கட்டிய செடி ஏப்ரலிலும் ஜூலையிலும் தேறிவிட்டது. அக்காவுக்குக் குச்சியாகக் கொடுக்கவில்லை. போன நவம்பரில் ஊன்றி வேர் பிடித்திருந்ததையே கொடுத்தேன். இருந்த ஆழத்தைவிட இரண்டு அங்குலம் ஆழமாக நடச் சொன்னேன். நட்டு, இலை உதிர்ந்தபின் தண்டை மண்ணுக்குச் சற்று மேலே வெட்டிவிடச் சொன்னபோது, “வளர்ந்ததை வெட்டுறதோ?” என்று தயங்கினார். வெட்டினால்தான் அடியிலிருந்து பல தண்டுகள் வரும். முதல் கோடையில் பழம் இருக்காது, அடுத்ததில் இருக்கும்.

புதிய வகைகளில் சிலவற்றுக்கு உருவாக்கியவர் உரிமை உண்டு. சொந்தத் தோட்டத்துக்கு, வியாபார நோக்கமில்லாமல் பெருக்கிக்கொள்வதைப் பிரிட்டன் சட்டம் தடுப்பதில்லை. விற்கத்தான் கூடாது.

உங்கள் செடியில் ஒரு மொட்டாவது உருண்டு பருத்திருந்தால், எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் குச்சி கொடுக்காதீர்கள். தோட்டமே புதிதென்றால், நோயற்றது என்று சான்று பெற்ற ஒரே ஒரு செடியை விலை கொடுத்து வாங்குங்கள். இரண்டாவது செடிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.