வரிக்குப் புண்ணியம் உண்டா?

மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கட்டியாக வேண்டும். திருப்பூரில் நான் கணக்கெழுதும் பனியன் கம்பெனியில், சலானை நீட்டினால் எங்கள் முதலாளி முகத்தைச் சுளித்துவிட்டுத்தான் சரி என்பார். ஒருமுறை கேட்டார்: "ஏனம்மிணி, இதுவும் தர்மக் கணக்குல சேருமா?"

விளையாட்டாகக் கேட்டாலும் பழைய கேள்விதான். தர்மம் என்றால் மனம் ஒப்பிக் கொடுக்க வேண்டும். வரியை யாரும் மனம் ஒப்பிக் கட்டுவதில்லை. தவறினால் வட்டி, அபராதம். அப்படி வாங்கிய பணத்தில் ஒரு பிள்ளை காலையில் பள்ளிக்கூடத்தில் உப்புமா சாப்பிட்டால், அந்தப் புண்ணியம் யார் பேரில் ஏறும்?

என் மாமனார் ஊர் அவிநாசிப் பக்கம். அங்கே மாரியம்மன் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. புருஷனை இழந்தவள் வீட்டுக்கு அரை வரி, அவளுக்கு மரியாதையும் அரைதான். வரிக்கு மேலே கொடுப்பவர்களுக்கு உபயம். மண்டபத்து டியூப்லைட்டின் நடுவே சிவப்பு பெயின்டில் தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று பெயர். மிச்ச வெளிச்சம்தான் அம்மனுக்கு. அந்த வரி நோட்டை எழுதிக்கொண்டிருப்பதும் நான்தான். யார் கொடுத்தது, யாருக்குப் போனது என்று கேட்டால் ஒவ்வொரு ரூபாய்க்கும் என்னால் பதில் சொல்ல முடியும்.

அரசாங்கத்தின் நோட்டில் அது முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 266-ஆவது பிரிவுப்படி மாநிலத்தின் வரி வருமானம் தொகுநிதி என்ற ஒரே கணக்கில் போய்ச் சேருகிறது. பனியனுக்கான 5 சதவீதத்தில் சென்னைக்குப் போகும் பாதி, பத்திரப் பதிவுக் கட்டணம், டாஸ்மாக் பணம் எல்லாம் அங்கேதான். துறை துறையாக மானியக் கோரிக்கை வைத்து, சட்டமன்றம் ஒப்பினால்தான் வெளியே வரும். மருத்துவத் துறைக்குக் கோரிக்கை எண் 19. நிட்டிங்கில் இரண்டு லாட் நூலைக் கலந்து ஓட்டினால் சாயம் ஏறியதும் துணியில் கோடு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். தொகுநிதியில் எந்தக் கோடும் விழுவதில்லை. குடிகாரன் காசில் பிள்ளைக்குச் சோறா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்தக் காசு எது என்று எடுத்துக் காட்டுங்கள்.

2021-இல் மத்திய பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் 'இறைமாட்சி' அதிகாரத்துக் குறள் ஒன்றைச் சொன்னார். பொருளை ஈட்டிக் காத்து வகுப்பது அரசு என்று சொல்லும் குறள். மேடைக்கு நல்ல குறள். ஆனால் அந்த வகுத்தலுக்குப் பரிமேலழகர் தம் உரையில் போட்டிருக்கும் பட்டியல்தான் எனக்குப் பிடித்தது; கணக்கெழுதுகிறவள் கண்ணுக்கு அது ஒரு பட்ஜெட். கடவுளருக்கும் அந்தணருக்கும் வறியவருக்கும் புகழுக்கும் கொடுப்பதை அறத்தின் தலைப்பில் வைக்கிறார். யானை, குதிரை, அரண் எல்லாம் பொருளின் தலைப்பில். மண்டபம், குளம், பூங்கா இன்பத்தில். ஏழைக்கு ஈவதும் புகழுக்கு ஈவதும் ஒரே பத்தியில்! இன்றைக்கும் அப்படித்தானே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நானானால் ஏழைக்கான செலவைப் பொருள் தலைப்புக்கு மாற்றுவேன். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. போக்குவரத்துக் கழகத்துக்கு ஆகும் நஷ்டத்தை அரசு ஈடுகட்டுகிறது. எங்கள் கம்பெனியில் கைமடி வேலைக்கு வரும் ஒடிசாப் பெண்ணும் அந்தப் பஸ்ஸில்தான் எட்டரை ஷிப்டுக்கு வருகிறாள். ரேஷன் கார்டு இல்லாததால் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை அவளுக்குக் கிடையாது. கண்டக்டர் மட்டும் ஊர் கேட்பதில்லை, குலம் கேட்பதில்லை, சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுகிறார். அவள் யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை, ஏனென்றால் கொடுத்தவர் என்று எதிரே யாரும் இல்லை. அவள் வாங்கிய சோப்பில் அவளும் வரி கட்டியிருக்கிறாள். பஸ் காசைக் கூலியில் சேர்த்துக் கேட்க ஆளில்லாததால் முதலாளிக்கும் இதில் மிச்சம்தான்.

இதை 'இலவசம்' என்று இளப்பமாகச் சொல்பவர்கள் எங்கள் தொழிலிலேயே நிறைய. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சாயக்கழிவு நொய்யலில் கலக்காமல் இருக்க, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. தரவேண்டியதுதான், ஊரே நின்றுபோயிருந்தது. ஆனால் அந்த வட்டியை யாரும் இலவசம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

2025-26 தமிழக பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் சுமார் 41,635 கோடி என்று மதிப்பிட்டார்கள். கடன் வாங்கித்தான் அதை நிரப்ப வேண்டும். ஆக, கொடுப்பவர்கள் பட்டியலில் இன்னும் பிறக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். சம்மதம் கேட்க முடியாதவர்கள் பேரில் செய்வது தர்மம் ஆகுமா என்பது எனக்கு முதலாளியின் கேள்வியைவிடக் கடினமாகப் படுகிறது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் என்றால் அவர்களுக்கும் பங்கு போய்ச் சேரும். கல்வெட்டும் வளைவும் என்றால் சேராது.

பெயரில்லாத இந்தப் பணத்துக்குள் பெயர் திரும்ப நுழையும் இடமும் உண்டு: 1997-98-இல் தொடங்கி, 2021-க்குப் பிறகு மறுபடி உயிர்பெற்ற 'நமக்கு நாமே'. மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கொண்டுவந்தால் மீதியை அரசு போடும். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புற்றுநோய் சிகிச்சை மையத்துக்கு இப்படித்தான் ரோட்டரியும் பனியன் கம்பெனிக்காரர்களும் பணம் திரட்டினார்கள். எங்கள் முதலாளியும் கொடுத்தார், அதற்கு முகம் சுளிக்கவில்லை. கோயமுத்தூருக்கும் சென்னைக்கும் அலைந்தவர்களைத் தெரிந்த யாரும் இதைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. (80-ஜி ரசீது வாங்கிப் பழைய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவருக்கு நன்கொடையில் ஒரு பகுதி வரியில் கழியும். கல்வெட்டில் பொறிக்கும் தொகைக்குள்ளும் பொதுப்பணம் கொஞ்சம் ஒளிந்திருக்கும்.)

ஆனால் கணக்குப்படி பார்த்தால், முன்னால் போகும் ஒரு பங்குதான் பின்னால் வரும் இரண்டு பங்குக்கு வழி காட்டுகிறது. அந்த இரண்டு பங்கு மூலனூர்க்காரர்களின் வரியும்தான். எங்கள் மாவட்டத்தின் வறண்ட தென்கிழக்கு மூலை அது. ஏற்றுமதி ஆர்டரும் இல்லை, செக் கிழித்துக் கொடுக்க நாலு முதலாளிகளும் இல்லை. அங்கே ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடம் வேண்டுமென்றால் முதல் பங்கை யாரிடம் போய்க் கேட்பது?