சிறு பிள்ளைகளிடம் போவது பதவி இறக்கமா?



மாதம் முதல் தேதி தவறாமல் சம்பளம் வருகிற உத்தியோகம். மேசை, நாற்காலி, மின்விசிறி, பி.எப். பிடித்தம், வருஷத்துக்கு ஒருமுறை போனஸ். இப்பேர்ப்பட்ட வேலையில் இருக்கிற ஒருவன் அல்லது ஒருத்தி, இராத்திரிச் சாப்பாட்டு வேளையில், "இதை விட்டுவிட்டுப் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்" என்றால் வீட்டில் என்ன நடக்கும்? கம்பமானாலும், உத்தமபாளையமானாலும், நமது காமயகவுண்டன்பட்டியானாலும் பதில் ஒன்றே: "படித்த படிப்புக்கு ஆயா வேலையா?"

இந்த ஒரு வார்த்தையில் இரண்டு கேள்விகள் ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்று மானத்தைப் பற்றியது. மற்றது சோற்றைப் பற்றியது. முதலாவது எவ்வளவு பலவீனமானதோ, இரண்டாவது அவ்வளவு பலமானது. பிரசங்கம் செய்கிற நாங்களோ இரண்டையும் ஒன்றாய்க் குழப்பி, தியாகம், தியாகம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது உத்தரமாகாது.

முதலில் மானம். 2019-ம் வருஷம் ஜனவரியில் தமிழ்நாடு அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் துவக்கியது. அவற்றுக்கு இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினபோது பலர் ஒப்பவில்லை. மதுரையிலுள்ள உயர் நீதிமன்றக் கிளை வரையில் வழக்குப் போயிற்று. தாங்கள் பெற்ற பயிற்சி வேறு, மூன்று வயதுக் குழந்தைக்கு வேண்டிய பயிற்சி வேறு என்று அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அதோடு சேர்ந்து நாம் எல்லோரும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ளுகிற ஓர் எண்ணமும் அதில் இருந்தது. மாணாக்கனின் வயது குறையக் குறைய, ஆசிரியனின் கௌரவமும் குறையும் என்பதே அந்த எண்ணம். கல்லூரி ஆசிரியர் பெரியவர். பாலர் பள்ளி ஆசிரியை ஆயா. இந்த ஏணியை யார் சாத்தி வைத்தது?

நம் ஊர்த் தோட்டக்காரன் இப்படி நினைப்பதில்லை. இந்தப் பள்ளத்தாக்குக்குப் பன்னீர்த் திராட்சை 1832-ல் ஒரு பிரெஞ்சுக் குருவானவரால் வந்தது என்று சொல்லுவார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கொடி பந்தலைத் தொடுகிற மட்டும் அதன் பக்கத் தளிர்களைக் கிள்ளி, குச்சியோடு நேராய்க் கட்டி ஏற்றுகிறவனுக்குத் தோட்டத்தில் எவ்வளவு மதிப்பு! கவாத்துக்குக் கை தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கூட்டி வருகிறோம். பழம் பறிக்கிற நாளில் யார் வேண்டுமானாலும் கூடை தூக்கலாம். கொடி விஷயத்தில் இவ்வளவு விவேகமுள்ள நாம், பிள்ளை விஷயத்தில் மாத்திரம் ஏன் தலைகீழாய் நடக்கிறோமோ தெரியவில்லை.

உத்தியோகத்தை விட்டுச் சிறு பிள்ளைகளிடம் போனவர்கள் இல்லாமலில்லை. குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்று ஒருவர் இருந்தார். 1885-ல் பிறந்தவர், வக்கீல். கறுப்புக் கோட்டும் கட்சிக்காரர்களும் உள்ள நல்ல பிழைப்பு. 1913-ல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். இவனை எப்படி வளர்ப்பது என்று யோசித்துப் புஸ்தகங்களைத் தேடப் போனவர், மரிய மொந்தெசோரி அம்மாளின் எழுத்தில் அகப்பட்டுக் கொண்டார். 1916-ல் பாவநகரில் தட்சிணாமூர்த்தி என்ற கல்வி நிலையத்தில் சேர்ந்தார். 1920-ல் அங்கே பால மந்திரைத் துவக்கினார். அடியில்லை, பயமுறுத்தலில்லை, கதை, பாட்டு, விளையாட்டு. பெரிய மீசைக்காரரான அவரை ஜனங்கள் 'மீசை வைத்த அம்மா' என்று அழைத்தார்கள். பரிகாசமாய்த் தொனிக்கும் இந்தப் பெயரை ஒரு வக்கீல் சுமந்து திரிந்தார் என்பதை நினைத்தால், ஆயா என்ற பெயருக்கு நாம் கூசுவது எனக்கு விசித்திரமாய்த் தோன்றுகிறது. அவரோடு சேர்ந்து உழைத்த தாராபாய் மோடக் அம்மாளும் பெண்கள் பயிற்சிக் கல்லூரி முதல்வர் பதவியை விட்டு வந்தவரே. இன்று நம் தெருவில் சர்வ சாதாரணமாய் வழங்கும் 'அங்கன்வாடி' என்ற சொல் அவருடைய முயற்சியிலிருந்துதான் நாட்டுக்கு வந்தது.

மொந்தெசோரி அம்மாளோ நமது வேதத்தைச் சேர்ந்தவர். 1896-ல் உரோமாபுரியில் வைத்தியப் பட்டம் பெற்றவர். அவருடைய முதல் பாலர் இல்லம் 1907-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, உரோமையில் ஏழைகள் குடியிருந்த ஒரு பேட்டையில் திறக்கப்பட்டது. சில வருஷங்களில் வைத்தியத் தொழிலையே விட்டுவிட்டார். 1939-ல் சென்னைக்கு வந்தவர், யுத்த காலத்தில் நமக்கு வடக்கே மலைமேலிருக்கிற கொடைக்கானலில் 1942 முதல் ஏறக்குறைய இரண்டு வருஷம் தங்கினார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இவர்களுக்கு முந்நூறு வருஷம் முந்தியவர் அர்ச். கலசான்ஸ் சூசையப்பர். ஸ்பெயின் தேசத்துக் குருவானவர். மேற்றிராசனத்தில் நல்ல பதவி பெறும் எண்ணத்தோடு 1592-ல் உரோமைக்குப் போனார். தெருவில் அலைந்த ஏழைப் பிள்ளைகளைக் கண்டார். 1597-ல் திரஸ்தேவரே பகுதியில் ஒரு கோவிலை அடுத்த அறைகளில் இலவசப் பள்ளிக்கூடம் நடத்தத் துவக்கினார். பதவி எண்ணம் போன இடம் தெரியவில்லை. கடைசிக் காலத்தில் அவருக்குக் கிடைத்தது மாலை மரியாதையல்ல. தாம் ஸ்தாபித்த சபையின் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார். 1646-ல் அந்தச் சபையே தரம் குறைக்கப்பட்டது. அந்த நிலையிலேயே 1648-ல் மரித்தார். சபை முழுதும் பழைய நிலைக்கு வந்தது 1669-ல். கிறிஸ்தவப் பள்ளிகளுக்கெல்லாம் பாதுகாவலராக 12-ம் பத்திநாதர் பாப்பரசர் அவரை ஏற்படுத்தினது 1948-ல்.

ஆனால் இந்த அர்ச்சியசிஷ்டவரைக் காட்டி ஒரு குடும்பஸ்தனை வேலையை விடச் சொல்லுவது நேர்மையல்ல. அவருக்கு மனைவியில்லை, ரேஷன் கார்டில் நாலு பேரில்லை, கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் இல்லை. இங்கேதான் சோற்றுக் கேள்வி எழுகிறது. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்ற கருத்தை அர்ச். சின்னப்பர் திமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். மெய்விவாகத்தில் கொடுத்த வார்த்தை ஒரு கடன். மகளின் படிப்புக்கு வாங்கின பணமும் கடன். சுவிசேஷ ஆலோசனை வேறு, கற்பனை வேறு என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம்: கற்பனையை மீறி ஆலோசனையை அனுசரிக்க ஒருவருக்கும் உத்தரவில்லை. ஆகையால் தவணை பாக்கியிருக்க, மனைவியைக் கேளாமல் ராஜிநாமாக் கடிதம் நீட்டுகிறவன் அழைத்தலுக்குக் கீழ்ப்படிகிறான் என்று நான் சொல்லமாட்டேன். மேலதிகாரியின் ஏச்சுப் பொறுக்காமல் ஓடுகிறவனையும் அப்படியே. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மூக்கைத் துடைத்துவிட வேண்டும்; இருபதாம் தடவையும் அதே கதையை முதல் தடவை போலச் சொல்ல வேண்டும். ஏச்சைத் தாங்காதவன் இதைத் தாங்குவானா?

மறுபக்கமும் உண்டு. கடன் தீர்ந்து, பிள்ளைகள் ஆளாகி, இருவரில் ஒருவருக்கு நிலையான வருமானமும் இருந்து, "நாலு பேர் என்ன சொல்லுவார்கள்" என்பது மாத்திரமே தடையாயிருந்தால்? அங்கே கடமை என்ற பெயரை வைத்துக்கொண்டு நிற்பது நமது அகங்காரம். மகளையோ மருமகளையோ தடுக்கிற பெற்றோர், தங்களைத் தடுப்பது பசியா வெட்கமா என்று ஆத்தும சோதனை செய்து பார்க்கட்டும். ஆண்பிள்ளைகளுக்குப் பாதை இன்னும் குறுகலானது. அங்கன்வாடிப் பணி பெண்களுக்கு மாத்திரமே. தனியார் பாலர் பள்ளிகளிலும் ஆண்களைச் சேர்ப்பது அபூர்வம். கிஜுபாய் இன்று நம் ஊரில் விண்ணப்பம் போட்டால் திரும்பி வந்துவிடும்!

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். இந்த வேலைக்குச் சம்பளம் ஏன் குறைவு? தேவன் குறைவாய் வைத்தாரா? நாம் வைத்தோம். இது சேவை, இது அர்ப்பணம் என்று வாய்நிறையச் சொல்லி, மாதக் கடைசியில் உறையைத் திறந்தால் வீட்டு வாடகைக்குக் காணாது. 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் நியாயமான கூலியைப் பற்றி நிருபம் எழுதினபோது, பாலர் பள்ளி ஆசிரியை நீங்கலாக என்று எழுதவில்லை. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குத் தருவது சம்பளமல்ல, மதிப்பூதியம் என்ற வாதம் வெகுகாலம் நடந்தது. 1972-ம் வருஷத்துச் சட்டப்படி அவர்களுக்கும் பணிக்கொடை உண்டென்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் சொல்லித்தானா நமக்குத் தெரிய வேண்டும்? வேதக்காரர் நடத்துகிற பள்ளிகளும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. ஓர் ஏழைப் பெண்ணின் நல்ல மனதை விலை பேசி, அவள் கூலியில் கட்டடம் எழுப்பினால், அந்தச் சுவரில் எந்த அர்ச்சியசிஷ்டவருடைய படத்தை மாட்டுவது?

ஆகையால் கேட்க வந்தவர்களுக்கு நான் சொல்லுகிறது இவ்வளவுதான். கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைப் பார்க்க வேண்டும் என்ற உவமையை நமது ஆண்டவர் கணக்கப்பிள்ளைகளுக்கு மாத்திரம் சொல்லவில்லை. பள்ளி ஜூன் மாதத்தில் திறக்கும். அதற்குள் லீவு எடுத்துக்கொண்டு ஒரு வாரம் ஏதாவது பாலர் பள்ளியில் அனுமதி கேட்டுக் காலை ஒன்பது மணிமுதல் மத்தியானம் வரை தரையில் உட்கார்ந்து பாருங்கள், நாற்காலியில் அல்ல. ஏழாம் நாள் சாயந்தரம் கணவனும் மனைவியுமாய் வரவு செலவு நோட்டை விரித்து, பால் பாக்கி முதல் சீட்டுத் தவணை வரை ஒவ்வொன்றாய் எழுதுங்கள். மிச்சம் விழுகிறதா, துண்டு விழுகிறதா என்று பார்த்தபின் என்னிடம் வாருங்கள், நோட்டையும் கொண்டுவாருங்கள்.