மக்கள் தொகையும் மனித மாண்பும்

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில் 1568-இல் எழுப்பப்பெற்ற பரதேசி யூத ஆலயம் இன்றும் நிற்கிறது. வயது வந்த ஆடவர் பதின்மர் கூடினாலன்றிக் கூட்டு வழிபாடு முழுமை பெறாது என்பது அவர்தம் மரபு. 1948-இல் இஸ்ரேல் தோன்றிய பின்னர்க் கொச்சி யூதர்களுள் மிகப் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சியோரும் மூப்பெய்தி மறைய, உள்ளூரில் அப்பதின்மரைக் காண்பதே அரிதாயிற்று. மக்கள் தொகை வெறுங்கணக்கன்று என்பதை அத்தெரு நமக்கு உணர்த்துகிறது.

அவர்களை ஈர்த்தது சமயப் பற்று. இன்று கேரளத்து இளைஞரை ஈர்ப்பது எது? பிள்ளைப் பெருக்கமே ஏழை நாட்டாரை வளநாடுகளுக்குத் துரத்துகிறது என்பர் பலர். கேரளம் அக்கூற்றை மறுக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கு ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகளே, மக்கள் தொகை குறையாதிருக்க வேண்டுவதோ 2.1. எனினும், 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இம்மாநிலத்தார் ஏறத்தாழ 22 லட்சம் பேர் அயல்நாடுகளில் உள்ளனர். குழந்தைகள் குறைந்த இல்லங்களில் கல்வி பெருகிற்று. கல்விக்கேற்ற தொழில் ஊரில் பெருகவில்லை. வளைகுடாவிலோ எண்ணெய் மிகுதி, குடிமக்கள் குறைவு. ஐரோப்பாவில் முதியோர் மிகுதி, அவரைப் பேணும் கைகள் குறைவு.

இங்கேதான் அறவினா எழுகிறது. இருபது ஆண்டுகள் ஒரு தாய் வளர்த்துப் படிக்கவைத்த செவிலியை, வளர்த்த செலவின்றி வளநாடு பெறுகிறது. அவள் அங்கே பிறர் பெற்றோரைப் பேண, அவளைப் பெற்றோர் இங்கே தனித்திருக்கின்றனர். சென்றவளைப் பழித்தல் அறமாகாது. அவள் அனுப்பும் பணமே பல இல்லங்களில் விளக்கேற்றுகிறது. அவளால் பயன்பெறும் நாடு, தான் கடன்பட்டிருப்பதை உணராமையே குற்றம்.

ஆனால், அக்குற்றத்தை அயலாரிடம் மட்டுமே காண்பது நேர்மையாகுமா? மலையாளி விட்டுச்சென்ற வேலைகளுக்கு வங்காளம், அசாம், ஒடிசா ஆகிய மாநிலங்களிலிருந்து இளைஞர் வருகின்றனர். 'விருந்தினர் தொழிலாளர்' என்று அரசு அவர்களைக் குறிப்பிடுகிறது. பெயரளவில் விருந்தினர், நடத்தும் முறையில்?

நாமும் பிழைப்புத் தேடிக் கொச்சிக்கு வந்தோரின் வழியினரே. ஃபோர்ட் கொச்சியின் சலவைத்துறையில் தலைமுறை தலைமுறையாய்த் துணி வெளுத்துவரும் தமிழ்க் குடும்பங்கள் அதற்குச் சான்று. நம் பெண்களும் பிள்ளைகளும் இன்று கடல் கடந்து சென்றுள்ளனர். அங்கே அவர்களுக்கு எந்த மதிப்பை வேண்டுகிறோமோ, அதையே நம் தெருவில் கட்டடச் சாரத்தின் மேல் நிற்கும் அசாமிய இளைஞனுக்கு அளிக்கிறோமா? அவன் பெயரையேனும் கேட்டதுண்டா?

கேளாதவரை, வளநாட்டாரை நோக்கி அறம் பேசும் தகுதி நமக்கில்லை.