ஏரியில் விட்ட மீன்

மகாவீரர் ஜயந்தியன்று சந்தையில் உயிருள்ள மீன்களை விலைகொடுத்து வாங்கி நீர்நிலையில் விட்டுவருவது நம்மவர் சிலரிடையே வழக்கமாகியுள்ளது. கொலைக்களத்தினின்று ஓருயிரை மீட்பது அபயதானம் என்பதில் நமக்கு ஐயமில்லை. நாமும் ஓராண்டு அம்பத்தூர் ஏரிக்கரையில் நின்று இரண்டு தகர டின்களைக் கவிழ்த்துவிட்டு மனநிறைவோடு வீடு திரும்பினோம். அவை என்ன மீன்கள் என்று அன்று நாம் கேட்கவில்லை. ஏரியில் வலை வீசும் முதியவர் ஒருவர்தாம் பின்னர்ச் சொன்னார்: "ஐயா, நீங்க விட்டது கெளுத்தி. அது இருக்கிற எடத்துல வேற மீனு தங்காது."

எண்ணிப் பார்க்குங்கால் இதில் வியப்பில்லை. சந்தைத் தொட்டியில் உயிரோடு கிடப்பவை எவை? காற்றையும் சுவாசிக்கவல்ல விராலும் கெளுத்தியும்தாம். ஏனையவற்றில் பெரும்பாலானவை கடைக்கு வருமுன்னரே மாண்டுவிடுகின்றன. ஆகவே உயிர்மீட்கச் செல்பவர் கையில் அகப்படுவது பெரும்பாலும் பிற மீன்களை விழுங்கி வாழும் மீனே. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை நடுவண் அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடைசெய்தும் அது ஒழிந்தபாடில்லை. ஈரத்தரையில் ஊர்ந்தே அடுத்த குட்டையை அடையும் இயல்பினது அது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் நீர் செல்கிறது. நாம் கவிழ்த்த டின் ஓர் ஏரியோடு முடிவதன்று.

நல்லெண்ணத்தோடு அயல்மீனை விட்ட கதை நம் நாட்டில் பழையது. கொசுவை ஒழிக்க 1928-இல் கம்பூசியா வந்தது. உணவுக்கென 1952-இல் ஜிலேபிக் கெண்டை வந்தது. இரண்டும் உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

வேறொரு வழியும் உண்டு. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடைப்பட்ட சுப்பீரியர் ஏரியில், அளவிறந்த மீன்பிடிப்பாலும் கடல் லாம்ப்ரே என்னும் ஒட்டுண்ணியாலும் டிரவுட் மீன் அருகியபோது, பண்ணையில் பொரித்த குஞ்சுகளை விட்டனர். விடுமுன் துடுப்பொன்றைக் கத்தரித்து அடையாளமிட்டனர். பின்னாளில் வலையில் வருவது பண்ணையில் பிறந்ததா, ஏரியிலேயே பிறந்ததா என்று அதனால் அறிய முடிந்தது. எண்ணிக்கொண்டே வந்து, ஏரியில் பிறந்தவை பெருகியதைக் கண்டபின், 1996-இல் ஏரியின் பெரும்பகுதியில் குஞ்சு விடுவதை நிறுத்திவிட்டனர். துடுப்பை வெட்டுவதும் ஹிம்சையே. கணக்கெடுக்கும் வலையில் மாண்டவையும் உயிர்களே. அம்முறையை நாம் ஏற்கவியலாது. ஆயினும் அவர்கள் விட்டபின் திரும்பிப் பார்த்தார்கள். நாம் பார்த்தோமா?

நம் முன்னோர் கிணற்றுநீரை வடிகட்டியபின், துணியில் தங்கிய நுண்ணுயிர்களை அதே கிணற்றில் மெல்ல இறக்கிவிடும் ஒழுக்கத்தை வகுத்தனர். ஒரு நீரின் உயிர் மற்றொரு நீரில் பிழையாது என்பதை ஓர்ந்தே அவ்வாறு செய்தனர். கண்ணுக்குப் புலப்படாத உயிருக்கு அத்துணைக் கவனம் காட்டிய மரபில் வந்த நாம், ஐம்பொறியும் உடைய மீனை எந்த நீரினது என்றும் கேளாமல் கொட்டினோம். ஹிம்சைக்கு வேர் பிரமாதம், அதாவது கவனமின்மை, என்று பயின்றவர்கள் நாம்.

அவ்வாறாயின் தொட்டியில் துடிக்கும் கெளுத்தி நம் கண்ணெதிரே சாகட்டுமா என்று இல்லத்தார் கேட்டனர். கேள்வி கூரியது. நாம் வாங்க வாங்க, வணிகர் அடுத்த வாரத்துக்கு இன்னும் இரண்டு டின் தருவிப்பார் என்பது பாதி விடைதான். மறுபாதி நம்மிடம் இல்லை.

கோடையில் ஏரி சுருங்குங்கால் ஓரத்துக் குட்டைகளில் உளுவையும் அயிரையும் பனையேறிக் கெண்டையும் சிக்கித் தவிக்கின்றன. அவற்றை அதே ஏரியின் ஆழமான பகுதிக்குக் கொண்டுசேர்ப்பதென்று இவ்வாண்டு தீர்மானித்துள்ளோம். மீன்களை இனங்காட்ட அம்முதியவரும் வர இசைந்தார். குட்டையில் கெளுத்தி கிடைத்தால் அதை என்ன செய்வது என்று அவர் கேட்டார். அதற்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை.